குட்டானும் கேக்கும்

தீவகத்துக் குசினிகளில் போறணை இருந்ததில்லை. நேயர்களே, இந்த ஒரு வசனத்திலேயே எங்கள் சமையற்கட்டின் நானூறு வருடச் சரித்திரம் ஒளிந்திருக்கிறது. குசினி என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் சமையலறையை ‘கொசிஞ்ஞா’ என்றார்கள். நாங்கள் குசினி என்றோம். அவர்களது ‘ஃபோர்னோ’ எங்கள் வாயில் போறணையாயிற்று. பலகாரம் பொரிக்கும் தாச்சி, பாண், விசுக்கோத்து, தேநீர்க் கோப்பை, கோப்பையை வைக்கும் பீரிசு, சாமான் அடுக்கும் அலுமாரி, உட்காரும் கதிரை, எல்லாம் அந்த வழியில் வந்தவையே. ஆனால் தாச்சி வீட்டுக்குள் வந்தது, போறணை வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

காரணம் கண்டுபிடிப்பது கடினமன்று. செங்கல்லால் கட்டிய போறணை வண்டிக்கணக்கில் விறகு தின்னும். ஒருமுறை சூடேறினால் நூற்றுக்கணக்கான இறாத்தல் பாண் சுட்டாலன்றி அந்த விறகுக்கு நட்டம். ஐந்தாறு பேர் உண்ணும் வீட்டில் அதற்கு வேலையில்லை. கோதுமையோ எங்கள் மண்ணில் விளைவதில்லை. நெடுந்தீவைப் பாருங்கள், முருகைக்கல்லின் மேல் ஒரு சாண் மண். போர்த்துக்கேயர் அதைப் ‘பசுத்தீவு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். மேய்ச்சலுக்கு உதவியதேயன்றி வயலுக்கு அது பெரிதாக உதவியதில்லை. ஆகவே போறணை பட்டினத்துப் பாண்காரரிடமே தங்கிவிட்டது.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ஊர்காவற்றுறை, வேலணை அடங்கிய தீவுக்கு லைடன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். அவர்கள் ‘கூக்யெ’ என்று சொன்ன பணியாரப் பெயர்தான் சிங்களத்தில் கொக்கிஸ் ஆனது. ஆங்கிலேயரின் ‘குக்கி’யும் அதே சொல்தான். கொக்கிஸுக்கு வேண்டியது ஓர் இரும்பு அச்சும் கொதிக்கும் எண்ணெயும் மட்டுமே. தாச்சியோடு முடிந்துவிடுகிற வேலை. ஆகவே அச்சுப் பலகாரம் நம்மவர் வீடுகளிலும் வெகு சுலபமாகக் குடியேறிவிட்டது. பறங்கியர் வீட்டு நத்தார்ப் பணியாரமான ‘புரூடர்’ அப்படிக் குடியேறவில்லை. அதற்குப் போறணை வேண்டும். எந்தப் பலகாரம் எந்த வீட்டுக்குள் நுழையும் என்பதை நாக்கைக் காட்டிலும் அடுப்பே தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

இப்போது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம் பெண்கள் பலர் வீட்டிலேயே கேக் சுடுவதையும், கப்கேக்கின் மேல் ஐசிங்கால் பூவும் இலையும் இடுவதையும், காகிதத்தாலும் நூலாலும் அலங்காரப் பொருள் செய்வதையும் ஓய்வுநேரக் கலையாகக் கொண்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ‘எங்கள் பாட்டிமாருக்கு இதெல்லாம் தெரியாது’ என்று அவர்களுள் சிலர் சொல்லும்போது எனக்குக் குட்டானின் ஞாபகம் வருகிறது.

கப்கேக் என்பது என்ன? 1796இல் அமெரிக்காவில் அமீலியா சிமன்ஸ் என்ற பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில், சிறு கோப்பைகளில் சுடவேண்டிய ஒரு கேக் சொல்லப்பட்டது. 1828இல் எலைசா லெஸ்லி என்பவரின் நூலில் அந்தப் பெயரே வந்துவிட்டது. பெரிய கேக் வேக நெடுநேரம் ஆகும். அடுப்பின் சூட்டை அவ்வளவு நேரம் ஒரே அளவில் வைத்திருப்பது அந்நாளில் பெரும் பாடு. சிறு கோப்பையில் ஊற்றினால் விரைவில் வெந்துவிடும், ஆளுக்கொன்றாகப் பங்கிடவும் வசதி. காகிதக் கிண்ணமும் வர்ண ஐசிங்கும் பின்னால் வந்த அலங்காரங்கள்.

எங்கள் குட்டானின் நியாயமும் அதேதான். பனையின் சார்வோலையால் இழைத்த, உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி அது. மாசி, பங்குனி மாதங்களில் பாளை சீவி, முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கிய கருப்பநீரைத் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். சுண்ணாம்பு தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். கருப்பநீரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் சீனி; மற்றெல்லாம் நீராவியாகப் போகவேண்டும். அதுவரை பன்னாடையும் காய்ந்த மட்டையும் ஊமலும் எரிந்துகொண்டேயிருக்கும். முதலில் நுரை பொங்கும், பிறகு பாணியாகும், பிறகு அகப்பையில் கனம் தெரியும். குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டுப் பார்த்து, அது திரண்டு நிற்கிற பதத்தில் இறக்கி, துழாவி, குட்டான்களில் வார்க்கவேண்டும். சற்று முந்தினால் பனங்கட்டி இறுகாமல் ஒழுகும்; சற்றுப் பிந்தினால் தாச்சியிலேயே கல்லாகிவிடும். வெப்பமானி இல்லாமல் இந்தப் பதத்தைக் கண்ணாலும் மணத்தாலும் அறிந்த பெண்கள் இருந்தார்கள்.

ஓலைக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சூடான பாணியின் மிச்ச ஈரத்தை இழையின் இடுக்குகள் வெளியே விடுகின்றன. கட்டி இறுகியபின் குட்டானை உரித்தால், பின்னலின் கட்டம் கட்டமான தடம் பனங்கட்டியின் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். ஐசிங் குழாய் இல்லாத ஊரில் அதுதான் அலங்காரம். சிரட்டையில் வார்த்த கருப்பட்டிக்கு இந்த அழகு இல்லை, வழவழவென்று வெறுமையாயிருக்கும். (சிரட்டைக் கருப்பட்டிதான் இனிப்பு அதிகம் என்று வாதிடுவோரும் உளர். அது அவரவர் நாக்கு.)

பனை தரும் மற்றப் பணியாரங்களுக்கு வெயிலே அடுப்பு. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். பழத்தைக் கழுவித் தோலுரித்து, தும்பைப் பிசைந்து, மஞ்சட் களியை வடித்து, பாயில் பூசிக் காயவிடுவார்கள். மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. அடுத்த நாள் மற்றொன்று. பல நாட்களில் தடித்துத் தோல்போலாகும் இதைத்தான் பினாட்டு என்கிறோம். துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் அடுக்கி, குசினிப் பறணில் வைத்தால் மாரி முழுவதற்கும் ஆகும். பாணியில் ஊறவைத்தால் பாணிப் பினாட்டு. பனங்காய்ப் பணியாரத்துக்கோ அதே களியைச் சீனியோ பனங்கட்டியோ சேர்த்துக் காய்ச்சி, பச்சை மணம் போனபின் ஆறவிட்டு, மாவைக் கலந்து, விரல்களால் கிள்ளிக் கொதி எண்ணெயில் விடவேண்டும். காய்ச்சாமல் அவசரப்பட்டால் கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணமான பொருளை இரசாயன அறிஞர்கள் பிரித்தெடுத்து, பனையின் தாவரப் பெயரை ஒட்டி ஃபிளாபெலிஃபெரின் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாமலே அதை அடக்கத் தெரிந்திருந்தது எங்கள் பெண்களுக்கு.

1850இல் வில்லியம் ஃபெர்குசன் என்பவர் பனையைப் பற்றித் தனி நூல் ஒன்றைக் கொழும்பில் வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 என்று கணக்கிடும் தாலவிலாசம் என்ற தமிழ்ச் செய்யுள் நூலைப் பற்றி அக்காலத்து ஆங்கிலேயர் வியந்து எழுதினர். எண்ணூற்றொன்றையும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாலே பட்டியல் நீளும். பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, இடியப்பத் தட்டு, அரிசி புடைக்கச் சுளகு, மண் சுமக்கக் கடகம், மீனுக்கு உமல், பானை வைக்கத் திருகணை, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் கொட்டப்பெட்டி, நல்ல உடுப்புக்கு மூடல்பெட்டி, படுக்கப் பாய், வெக்கைக்கு விசிறி.

இவற்றை ‘இழைக்கிற’ வேலை சார்வு வெட்டுவதிலிருந்து தொடங்குகிறது. முற்றாத இளம் ஓலையை வெட்டி, வெயிலில் காயவிட்டு, இரவில் பனியில் போட்டுப் பதமாக்கி, சத்தகத்தால் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து எடுக்கவேண்டும். சாயமிடுவதென்றால் கடைச் சாயத்தைக் கொதிநீரில் கரைத்து, ஓலையை அதில் அவிப்பார்கள். சிவப்பு, பச்சை, ஊதா என்ற மூன்றே நிறங்களில் எத்தனை கோலம்! என் அம்மம்மா மூடல்பெட்டியின் மூடியில் மட்டுமே நிறம் வைப்பார், உடம்பு வெள்ளோலை. ‘எல்லா இடமும் சாயமெண்டால் கண் எங்க போய் நிக்கிறது?’ என்பார். அலங்காரக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு மணிநேரம் சொல்வதை அவர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லவேண்டும். காய்ச்சி வடிக்காத களி போலத்தான் இதுவும். மூடி மறைத்தால் கசப்பே மிஞ்சும். மூடல்பெட்டி இழைத்தவர்கள் இரு வகைப்பட்டவர்கள். ஓய்வு கிடைத்த வீட்டுப் பெண்கள் தம் பெண்பிள்ளைகளின் சீதனத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் இழைத்தார்கள். மரமேறும் குடும்பத்துப் பெண்களோ அன்றன்றைய சோற்றுக்காகக் குட்டானும் பாயும் கடகமும் இழைத்தார்கள், கருப்பநீரும் காய்ச்சினார்கள். அவர்கள் வார்த்த பனங்கட்டி பெரிய வீடுகளின் தேநீர்க் கோப்பைக்குத் தாராளமாகப் போனது. வார்த்தவர்கள் அந்த வீட்டு முற்றத்தைத் தாண்டமுடியாது. அந்தக் கோப்பையில் தேநீர் குடிக்கவும் முடியாது. கைப்பணி என்று நாம் பொதுவாகப் போற்றும்போது, ஒருத்தியின் ஓய்வையும் இன்னொருத்தியின் உழைப்பையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். எந்தப் பெட்டியிலும் இழைத்தவள் பெயர் இல்லை. பொழுதுபோக்கு என்ற சொல்லை இவ்விருவருக்கும் பொதுவாக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊசி வேலை வந்த வழி வேறு. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். அங்கே எழுத்தோடு தையலும் பாடமாயிற்று. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர்; கத்தோலிக்கக் குடும்பங்களிடையே பின்னல் வேலைக்கு மதிப்பு ஏறியது. தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்த கரம்பொன்னிலும், ஊர்காவற்றுறையிலும் இந்த இரு மரபும் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தன. குருத்தோலை ஞாயிறன்று ஓலையால் சிலுவை முடையும் அதே கைகள், திருநாளுக்குப் பீடத் துணியில் லேஸ் வைத்தன. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டும் கைக்கும் அதற்கும் வேலையில் வித்தியாசம் கிடையாது. மடிப்பு ஒன்றுதான்.

பெண்களின் வீட்டுவேலைக்கு ஒரு கூட்டம், ஒரு சங்கம் என்ற எண்ணம் 1897இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்ரோனி கிறீக் என்ற கிராமத்தில் உருவெடுத்தது. அடிலெய்ட் ஹூட்லஸ் என்பவரின் முயற்சியால் பிறந்த அந்த மாதர் சங்கம், சமையலையும் சுகாதாரத்தையும் குழந்தை வளர்ப்பையும் படிக்கவேண்டிய அறிவாக மதித்தது. அதே கனடாவிலிருந்து வைத்தியராக இலங்கை வந்து, யாழ்ப்பாணத் தமிழரான எஸ். சி. கே. இரத்தினத்தின் மனைவியாக இங்கேயே வாழ்ந்தவர் மேரி இரத்தினம். அவர் அந்த மாதிரியை மனதிற்கொண்டு 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். கிராமத்துப் பெண்கள் கூடி, சுகாதாரமும் சமையலும் கைப்பணியும் கற்று, தம் கைப்பொருளை விற்றுக் காசாக்கவும் அது வழிகாட்டியது. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. விற்றுக் காசாக்குதல் என்பதைக் கவனியுங்கள். அந்த அம்மையார் பொழுதைப் போக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேக்குக்கு வருவோம். 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையற் புத்தகம் ஆங்கிலம் படித்த வீடுகளின் அலுமாரிகளில் ஏறியது. ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் சேர்ந்த நத்தார்க் கேக் நாடெங்கும் பரவிய காலம் அது. தீவகத்துக் கத்தோலிக்க வீடுகளில் நத்தாருக்கு முந்திய கிழமைகளில் வெண்ணெயையும் சீனியையும் அகப்பையால் அடிக்கிற சத்தம் கேட்கும். கை ஓய்ந்தால் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். ஆனால் சுடுவது எங்கே? வசதி உள்ளவர்கள் தட்டுகளைப் பேக்கரிக்குக் கொண்டுபோனார்கள். பாண் வேக உக்கிரமான சூடு வேண்டும். பாண் எடுத்தபின் செங்கற்கள் மெல்ல மெல்ல ஆறும். அந்த ஆறுகிற சூடுதான் கேக்குக்கு ஏற்றது. பாண்காரருக்கும் விறகுச் செலவு இல்லை. தட்டு மாறிப் போகாமலிருக்க ஒவ்வொருவரும் ஓர் அடையாளம் வைப்பார்கள்.

பேக்கரி தூரமென்றால் மணற்சட்டி. பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை இறக்கி, மூடி, மூடியின் மேலும் சிரட்டைத் தணலைப் பரப்புவார்கள். கீழிருந்தும் மேலிருந்தும் சூடு. தணலை எப்போது தள்ளுவது, எப்போது கூட்டுவது என்பது மீண்டும் அந்தப் பனங்கட்டிப் பதக் கணக்குத்தான். கருப்பநீர் காய்ச்சத் தெரிந்த கைக்கு இது ஒரு பொருட்டாயிருக்காது.

சைவ வீடுகளில் கேக்கின் கதை வேறு. முட்டை மச்சம். வெள்ளிக்கிழமையில் அந்தத் தட்டு குசினிக்குள் வரக்கூடாது. பிறந்தநாள் கேக் முன்விறாந்தையில் வெட்டப்பட்டு, அங்கேயே உண்ணப்பட்டு, குசினி வாசலை மிதிக்காமலே முடிந்துவிடும். பிற்காலத்தில் முட்டையில்லாக் கேக் வந்து அந்த வழக்கைத் தீர்த்துவைத்தது.

இந்தக் கலைக்கு மாவும் சீனியும் கப்பலில் வரவேண்டும். அதுவே அதன் பலவீனம். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்று, கோதுமை மா பங்கீட்டில் வந்தது. அரிசிமாப் பலகாரம் குறைந்து பாண் பெருகியது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி சுருங்கியபோது அந்தப் பாணுக்கே விடியற்காலையில் வரிசை நின்றார்கள். சீனியில்லாத அந்த நாட்களில் பனங்கட்டிக்கு மீண்டும் மவுசு ஏறியது. குட்டான் இழைத்தவர்கள் சில வருடங்கள் தலைநிமிர்ந்தார்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. 1980இல் திருகோணமலையில் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரே காலப்பகுதியில் அரசு ஒரு கையால் பனையையும் மறு கையால் கோதுமையையும் வளர்த்தது. எந்தக் கை வலிமையானது என்பதைக் கடைத்தெருவைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளிலிருந்து எத்தனையோ பொருள்களுக்குத் தடை வந்தது. ஓகஸ்டில் இராணுவம் தீவுகளில் இறங்கியது. அந்த வருடமும் அடுத்த வருடமுமாக ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு என்று தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் எஞ்சியவர்கள் கடலுக்கு நடுவே தனித்துப்போனார்கள். ஓடியவர்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்? தோம்பும் உறுதியும் நகையும். சத்தகத்தை எவரும் எடுத்துச் செல்லவில்லை. பனைகள் காவலரண்களுக்காகத் தறிபட்டன. எறிகணையில் தலையிழந்து நின்றவை எத்தனையோ. இடம்பெயர்ந்த கொட்டில்களில் கேக் சுட்டவர்களும் இருந்தார்கள். சீனி கிடைக்காதபோது பனங்கட்டிப் பாணி, அவண் இல்லாதபோது மணற்சட்டி. பழைய வித்தை அப்போது கைகொடுத்தது. ஆனால் ஓலை வேலை கைகொடுக்கவில்லை. ஊரில் நிற்கிற மரத்திலிருந்து பிரிந்து ஓலை வராது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகும் பருவத்தைத் தவறவிட்டார்கள். இந்த இழப்பு எந்த நட்டஈட்டுப் படிவத்திலும் ஏறவில்லை.

அவர்களில் எத்தனையோ பேர் ஒன்ராறியோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், மேரி இரத்தினம் புறப்பட்டு வந்த அதே மாகாணத்துக்கு. அங்கே வீட்டுக்கு வீடு அவண். நினைத்த நேரத்தில் நினைத்த சூடு. நம் பெண்கள் கேக் செய்து, பிறந்தநாளுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் விற்கவும் செய்கிறார்கள். அவர்கள் கப்கேக்கின் மேல் ஐசிங் இடுவதை நான் பார்த்திருக்கிறேன். கூடைப் பின்னல் என்று ஒரு கோலம் உண்டு. குழாயால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குவதுபோல் காட்டுவார்கள். முடிந்ததும் பார்த்தால் குட்டானை உரித்த பனங்கட்டி.

இங்கே தீவகத்தில் திரும்பிவந்த குடும்பங்களில் சில பெண்கள் மீண்டும் இழைக்கிறார்கள். நயினாதீவுக்கு வரும் யாத்திரிகர் ஒடியலும் பனங்கட்டியும் ஓலைப் பெட்டியும் வாங்கிப் போகிறார்கள். தென்னிலங்கையிலிருந்து வருவோருக்குத் ‘தல் ஹகுரு’ என்றால் தனி விருப்பம். பனங்கட்டி சில இடங்களில் பொலித்தீன் பையில் வருகிறது. மலிவு என்பார்கள். ஈரம் வெளியேற வழியில்லாததால் அது கசிந்து பையோடு ஒட்டிக்கொள்ளும்.

குட்டானுக்குக் கிராக்கி இருக்கிறது. இழைக்கக் கற்றுக்கொள்ளவும் இளம் பெண்கள் முன்வருகிறார்கள். தட்டுப்பாடு ஓலைக்குத்தான். மரம் நிற்கிறது, ஏறுவோர் குறைந்துவிட்டார்கள். ஏறியவர்களின் பிள்ளைகள் அந்தத் தொழிலையும் அதனோடு ஒட்டிவந்த அவமதிப்பையும் விட்டு விலகிப் படிப்புக்கும் வேறு வேலைகளுக்கும் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல யாருக்கு உரிமை? ஆகவே சார்வு காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. ஒரு கட்டுச் சார்வின் விலையையும், அதில் எத்தனை குட்டான் தேறும் என்பதையும், வார்வதற்கும் இழைப்பதற்கும் போகும் நேரத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் இழைக்கிற பெண் தன் விலையைச் சொல்கிறாள். வாங்குகிறவர், ‘இந்தச் சின்னப் பெட்டிக்கு இவ்வளவோ?’ என்று கேட்கிறார்.